லப்பெட்டும் மஞ்சள் சாயமும்: ஆய்வுத் தரவுத்தளத்தில் தேடுவது எப்படி?

ரங்கூனில் வேதியியல் படிக்கிற நம் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கிற வாசகம் இது: "அண்ணே, எல்லா இடத்திலும் தேடிட்டேன். லப்பெட் பத்தி யாருமே ஆராய்ச்சி பண்ணலை." லப்பெட் என்றால் பர்மாவில் சாப்பிடும் புளித்த தேயிலை. எங்கே தேடினாய் என்று கேட்டால் போனை நீட்டுவார்கள். தேடல் பெட்டியில் 'லப்பெட் கெமிக்கல் டெஸ்ட்' என்று இருக்கும். அதன் கீழே நாலைந்து சமையல் குறிப்பு, ஒரு சுற்றுலாக் கட்டுரை, அவ்வளவுதான்.

ஆராய்ச்சி இருக்கிறது. அது வேறு பெயரில், வேறு உணவைப் பற்றிய கட்டுரையாக இருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்கத்தான் தரவுத்தளங்கள். ஆனால் 'டேட்டாபேஸ்' என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் புழங்குகிறோம். கட்டுரைகளை அடுக்கி வைத்த கிடங்கு என்று சிலர் நினைக்கிறார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் இயந்திரம் என்று சிலர். இரண்டும் இல்லை.

ஒரே ஒரு உண்மைக் கேள்வியை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பிடித்துப் போவோம்.

கேள்வி என்ன?

2009 மார்ச்சில், தடைசெய்யப்பட்ட ஒரு சாயம் மஞ்சள் நிறத்துக்காக லப்பெட்டில் கலந்திருப்பதாக இங்கே சுகாதார அமைச்சு அறிவித்தது. பட்டியலில் 43 வணிகப் பெயர்கள். சிங்கப்பூரிலும் கடைகளிலிருந்து பல பொட்டலங்களை எடுக்கச் சொன்னார்கள். அந்தச் சாயத்தின் பெயர் ஆரமின் ஓ. காகிதத்துக்கும் துணிக்கும் போடுவது. மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற 2பி வகையில் ஆரமினை வைத்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. கல்யாணமோ காரியமோ, வந்தவருக்கு லப்பெட் தட்டை நீட்டுகிற ஊரில் இது சின்னச் சங்கதி இல்லை.

ஆக, நம் கேள்வி: ஒரு பொட்டலம் லப்பெட்டில் ஆரமின் ஓ இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு, அதை எப்படி அளப்பது? ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும் துறைக்குத்தான் பகுப்பாய்வு வேதியியல் என்று பெயர்.

குறிப்பேடும் பேரேடும்

மொகல் தெருவில் செட்டியார் கடைகள் இருந்த காலத்துக் கணக்கு முறையை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்கு நடந்த கொடுக்கல் வாங்கல் முழுவதும் வந்த வரிசையிலேயே குறிப்பேட்டில் ஏறும். காலையில் ஒரு நெல் வியாபாரி, அடுத்து ஒரு மரக்கடைக்காரர், பிறகு வட்டி கட்ட வந்த விவசாயி. ஒருவருடைய முழுக் கணக்கும் வேண்டுமென்றால் பல வருஷத்துக் குறிப்பேடுகளைப் புரட்ட முடியுமா? அதற்குத்தான் பேரேடு. அதில் ஆளுக்கொரு பக்கம். அந்தப் பக்கத்தில் தேதி, தொகை, குறிப்பேட்டில் எந்தப் பக்கம் என்ற எண். முழு விவரம் வேண்டுமென்றால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு குறிப்பேட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

ஆய்விதழ்கள் குறிப்பேடு மாதிரி. கட்டுரைகள் வந்த வரிசையில் அச்சாகும். ஒரே இதழில் ஆற்றுநீரில் பாதரசம், பாலில் மெலமின், ரத்தத்தில் மருந்து என்று கலந்து கிடக்கும். ஆய்வுத் தரவுத்தளம் என்பது பேரேடு. கட்டுரை எங்கே இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான்.

கணினிக்கு முன்பிருந்தே இந்த வேலை நடக்கிறது. அமெரிக்க வேதியியல் சங்கம் 1907ல் 'கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ்' என்ற தொகுப்பைத் தொடங்கியது. உலகெங்கும் வெளியான வேதியியல் கட்டுரைகளை ஆட்கள் உட்கார்ந்து படித்து, ஒவ்வொன்றுக்கும் சில வரியில் சுருக்கம் எழுதி, பொருள்வாரியாக அட்டவணை போட்டார்கள். இன்றைக்கு சைஃபைண்டர் என்று பல்கலைக்கழகங்கள் காசு கொடுத்து வாங்குவது அதன் வழிவந்ததுதான்.

இதுவரை சொன்னது: தரவுத்தளத்தில் இருப்பது பதிவுகள். பதிவு என்றால் தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, சுருக்கம், குறிச்சொற்கள் ஆகியவை சேர்ந்த ஒரு சீட்டு. முழுக் கட்டுரை வேறோர் இடத்தில் இருக்கிறது.

பெட்டியில் தட்டினால் உள்ளே நடப்பது

பதிவுகள் சேரும்போதே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பட்டியல் தயாராகிவிடும். உதாரணத்துக்கு, 'ஆரமின்' என்ற சொல் 12, 57, 903 எண் பதிவுகளில் இருக்கிறது. 'உணவு' என்ற சொல் 57, 310, 903ல் இருக்கிறது என்று வைப்போம். இரண்டையும் 'ஆண்ட்' போட்டுத் தேடினால் இரு பட்டியலிலும் உள்ளவை மட்டும் வரும்: 57, 903. 'ஆர்' போட்டால் ஏதாவது ஒன்றில் இருந்தாலே போதும், நான்கும் வரும். 'நாட்' போட்டால் அந்தச் சொல் உள்ளவை கழியும். மேற்கோள் குறிக்குள் போட்டால் சொற்கள் அதே வரிசையில் ஒட்டி இருக்க வேண்டும். சொல்லின் வேரைத் தட்டி நட்சத்திரக் குறி போட்டால் அதில் தொடங்கும் எல்லாச் சொல்லும் பிடிபடும்.

இதில் எங்கேயும் 'புரிந்துகொள்வது' இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுத்துக்கு எழுத்து பொருத்துவதுதான் அடிப்படை வேலை. கட்டுரை எழுதியவர் சாயத்தை வேறு பெயரில் குறித்திருந்தால், நீங்கள் தட்டிய சொல்லின் பட்டியலில் அந்தக் கட்டுரை இருக்காது. 'யாருமே ஆராய்ச்சி பண்ணலை' என்ற முடிவு இங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்று. பெரும்பாலான தரவுத்தளங்கள் தேடுவது தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் ஆகிய மூன்றில்தான். கட்டுரையின் ஆறாவது பக்க அட்டவணையில் லப்பெட் என்று ஒரு வரி இருந்தாலும் அது கண்ணில் படாது. கூகுள் ஸ்காலர் இதில் விதிவிலக்கு. கைக்கு எட்டுகிற இடத்தில் முழுக் கட்டுரைக்குள்ளும் போய்த் தேடும். அதனால்தான் அதில் பத்தாயிரக்கணக்கில் வந்து குவியும். பெருமைப்பட ஒன்றுமில்லை: எத்தனை ஆயிரம் என்று காட்டினாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் அது பார்க்க விடாது.

ஒரு சாயம், பல பெயர்

பகுப்பாய்வு வேதியியல் கேள்வி எதுவானாலும் மூன்று துண்டாக உடையும். அளக்க வேண்டிய பொருள். அதற்கு அனலைட் என்று பெயர். அது கலந்திருக்கும் பண்டம், அதற்கு மேட்ரிக்ஸ். மூன்றாவது, அளக்கும் முறை. நம் கேள்வியில் அனலைட் ஆரமின் ஓ, மேட்ரிக்ஸ் லப்பெட், முறை இன்னும் தெரியாது. இங்கிலாந்தில் 1954ல் தொடங்கிய 'அனலிட்டிகல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ்' இந்தத் துறைக்கென்றே இருந்த தொகுப்பு. கட்டுரைகளை அனலைட், மேட்ரிக்ஸ் என்று பிரித்துப் பதிந்ததுதான் அதன் விசேஷம். உடைத்துக் கேட்கும் பழக்கத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டால் எந்தத் தளத்திலும் உதவும்.

முதலில் அனலைட். ஆரமின் ஓவுக்குச் சாய வியாபாரத்தில் பேசிக் யெல்லோ 2 என்று பெயர். சாய அட்டவணையில் சி.ஐ. 41000. ஆரமின் ஓ ஒரு உப்பு. உப்பாக்காத கார வடிவத்துக்கு சால்வென்ட் யெல்லோ 34 என்று தனிப்பெயர். கட்டுரை எழுதுகிறவர்கள் இதில் எதை வேண்டுமானாலும் போடுவார்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு மருந்துதான் சிஏஎஸ் எண். கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ் அமைப்பு 1965ல் தொடங்கிய பதிவேடு இது. இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு ஆளுக்கொரு எண் இருக்கிறது. பெயர் எத்தனை இருந்தாலும் எண் ஒன்றுதான். ஆரமின் ஓவின் எண் 2465-27-2. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. நீங்களே போட்டுப் பார்க்கலாம்: கடைசி 2ஐ விட்டுவிட்டு வலமிருந்து இடமாக 7, 2, 5, 6, 4, 2 என்ற இலக்கங்களை முறையே 1, 2, 3, 4, 5, 6 ஆல் பெருக்குங்கள். 7, 4, 15, 24, 20, 12. கூட்டினால் 82. அதன் கடைசி இலக்கம் 2. எண்ணின் கடைசி இலக்கமும் 2. பொருந்தவில்லை என்றால் எங்கேயோ தப்பாகத் தட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உப்பாக்காத கார வடிவத்துக்குத் தனி எண்: 492-80-8. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாப் பெயர்களையும் எண்களையும் ஒரே இடத்தில் பார்க்க பப்கெம் என்ற இலவசத் தளம் போதும். அங்கே போய் மாற்றுப்பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். அதைப் படித்து முடிக்காமல் தேடலைத் தொடங்குவது வீண்வேலை என்றே சொல்வேன்.

பேரேட்டுக்கு வருவோம். சில தரவுத்தளங்களில் ஒரு பொருளுக்கு ஒரே பெயரில்தான் பக்கம் திறப்பார்கள். எழுதியவர் எந்தப் பெயரைப் போட்டிருந்தாலும் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இப்படி முன்கூட்டியே முடிவு செய்த சொற்களுக்குக் கட்டுப்பட்ட சொற்றொகுதி என்று பெயர். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் பேரேடான பப்மெட்டில் இதை மெஷ் என்கிறார்கள். சரி, ஆரமின் ஓவுக்கு மெஷ்ஷில் என்ன பெயரில் பக்கம் திறந்திருக்கிறது தெரியுமா? 'பென்சோஃபீனோனீடம்'. யாருக்கு இது தோன்றும்! நல்லவேளை, பப்மெட்டில் ஆரமின் ஓ என்று தட்டினாலே பின்னால் அந்தப் பெயருக்கும் மாற்றித் தேடிக்கொள்ளும். எல்லாத் தளமும் இந்த உபகாரத்தைச் செய்யாது.

சுருக்கமாக: அனலைட்டின் பெயர்கள், எண்கள் எல்லாவற்றையும் 'ஆர்' போட்டுக் கோர்த்து ஒரு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். அது முதல் துண்டு.

காசநோய் ஏன் வருகிறது?

அந்த முதல் துண்டை மட்டும் பப்மெட்டில் போட்டால் வரிசையாகக் காசநோய்க் கட்டுரைகள் வரும். தளம் பழுதில்லை. சளி மாதிரியில் காசநோய்க் கிருமியைப் பார்க்க ஆரமின் சாயம் ஏற்றுவார்கள். ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி ஒளிரும். ஆகவே உலகில் ஆரமின் என்று எழுதியவர்களில் பெரும் பகுதி மருத்துவ ஆய்வகக்காரர்கள்.

உடனே 'நாட் காசநோய்' என்று போடத் தோன்றும். போடாதீர்கள். காசநோய்ச் சாயமாகவும் இது பயன்படுகிறது என்று முதல் வரியில் சொல்லிவிட்டு உணவைப் பற்றிப் பேசும் கட்டுரையும் அதோடு போய்விடும். கழிப்பதைவிட வேண்டியதைச் சேர்ப்பது நல்லது. மேட்ரிக்ஸ் துண்டை 'ஆண்ட்' போட்டுச் சேர்த்தாலே கூட்டம் குறைந்துவிடும்.

லப்பெட்டை விட்டு மேலே ஏறுங்கள்

இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். லப்பெட் என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதற்கு ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுத்துக்கூட்டு உண்டு என்பது ஒரு சிக்கல். ஊறிய தேயிலை, புளித்த தேயிலை என்றும் எழுதுகிறார்கள். அவற்றையும் 'ஆர்' போட்டுச் சேருங்கள். அப்படியும் வருவது கொஞ்சமாகத்தான் இருக்கும்.

அதனால் படி ஏற வேண்டும். லப்பெட், அதற்கு மேலே தேயிலை, அதற்கு மேலே புளித்த காய்கறி, கடைசியில் உணவு. ஆரமின் ஓவைச் சோயாப் பொருள்களில் அளக்கும் முறைகளைச் சீனத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். ஏன் அங்கே? மஞ்சள் நிறம் விற்பனைக்கு உதவுகிற பண்டங்கள் அங்கே அவை. ஒரு கலப்படம் எந்த ஊரில் வெடிக்கிறதோ அந்த ஊர்ப் பண்டத்தில்தான் கட்டுரைகள் குவியும். 2003ல் மிளகாய்த்தூளில் சூடான் 1 சாயம் பிரான்சில் பிடிபட்டது, 2005ல் பிரிட்டனில் பெரிய அளவில் பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள். சூடான் சாயங்களை அளக்கும் கட்டுரைகள் அதன்பின் வந்துகொண்டே இருந்தன. தேடும்போது எங்கே, எப்போது கலப்பட விவகாரம் வெடித்தது என்று யோசிப்பது நல்ல உத்தி.

சோயாப் பொருளுக்கு எழுதிய முறை லப்பெட்டுக்கு அப்படியே ஓடுமா? பல சமயம் ஓடாது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் மேட்ரிக்ஸ் என்ற சொல்லே தேவைப்படுகிறது. ஆரமின் ஓ நீலநிற ஒளியை, 430 நானோமீட்டர் அருகே, உறிஞ்சுகிறது. அதனால்தான் மஞ்சளாகத் தெரிகிறது. வெளிறிய சோயாப் பொருளிலிருந்து சாயத்தைக் கரைத்தெடுத்து, எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்தால் ஓரளவு கணக்கு வரும். லப்பெட் அப்படியல்ல, அது இலை. இலையின் பச்சையமும் அது சிதைந்து உண்டாகும் நிறமிகளும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் ஒளியை உறிஞ்சும். சாயமே இல்லாத லப்பெட்டிலும் கருவி எண் காட்டும். போதாததற்கு எண்ணெய், தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் வேறு. அனலைட் அல்லாத பொருள்கள் அளவைக் கெடுப்பதை மேட்ரிக்ஸ் விளைவு என்கிறார்கள். ஆகையால் இலைக்கு வெறும் நிறமானி போதாது, முதலில் பிரித்து அப்புறம் அளக்கும் முறை வேண்டும். அந்த வேலையை திரவக் குரோமட்டோகிராபி செய்யும்: கரைசலை ஒரு நெருக்கமான தூள் அடைத்த குழாய்க்குள் செலுத்தினால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். அதன் முனையில் நிறை நிறமாலைமானியை மாட்டினால் மூலக்கூறின் எடையை வைத்து ஆளை அடையாளம் காணலாம்.

இப்படித்தான் மூன்றாவது துண்டு, முறை, தானாகக் கிடைக்கிறது. தொடக்கத்திலேயே 'எச்பிஎல்சி' (உயர்திறன் திரவக் குரோமட்டோகிராபியின் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டுவிட்டால் வேறு நல்ல முறைகளைப் பார்க்காமலே போய்விடுவோம். அதனால் முதல் தேடலில் முறையைக் காலியாக விடுங்கள்.

இதுவரை வந்த தேடல் வாக்கியம்: சாயத்தின் பெயர்களும் எண்களும் ஒரு அடைப்புக்குறியில், லப்பெட், தேயிலை, உணவு இன்னொரு அடைப்புக்குறியில், நடுவில் 'ஆண்ட்'.

கட்டுரையிலிருந்து கட்டுரைக்கு

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் சொற்களை விட்டுவிடலாம். அதன் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியல் பின்னோக்கிப் போகும் வழி. முன்னோக்கிப் போக, பிறகு வந்தவர்களில் யார் யார் இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் யூஜீன் கார்ஃபீல்டு 1964ல் வெளியிட்ட 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' அதற்காகவே செய்தது. இன்றைய வெப் ஆஃப் சயன்ஸ் அதன் வாரிசு. 2004ல் வந்த ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும் இதே வசதியைத் தருகின்றன. பெயர் மாறினாலும் எழுத்துக்கூட்டு மாறினாலும் இந்தச் சங்கிலி அறுவதில்லை.

மேற்கோள் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் கட்டுரை சரியானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய கட்டுரைக்கு எண்ணிக்கை தானே ஏறும். திட்டி எழுதினாலும் மேற்கோள்தான்.

எந்தத் தளம், எப்படி உள்ளே போவது?

காசில்லாதவை முதலில்: பப்மெட், கூகுள் ஸ்காலர், 2022ல் வந்த ஓப்பன்அலெக்ஸ். உணவு, உடல்நலம் சார்ந்த பகுப்பாய்வுக்குப் பப்மெட் தாராளமாக உதவும். உலோகக் கலவை, கனிமம் என்றால் அங்கே அதிகம் கிடைக்காது. சைஃபைண்டர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் மூன்றும் சந்தா கட்டுபவை.

பர்மாவில் இருப்பவர்களுக்கு ஒரு வாசல் உண்டு: ஏழை நாடுகளுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ மலிவாகவோ திறந்துவிடும் ரிசர்ச்4லைஃப். உலகச் சுகாதார நிறுவனம் 2002ல் தொடங்கிய ஹினாரியும் உணவு, விவசாயத்துக்கான அகோராவும் அதன் கீழ் வருகின்றன. நம் நாடு கட்டணமில்லாத பிரிவில் இருக்கிறது. ஆனால் தனிஆள் சேர முடியாது. பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ அரசு ஆய்வகமோ பதிந்திருக்க வேண்டும். உங்கள் நூலகரிடம் கடவுச்சொல் கேளுங்கள். தருகிறார்களோ இல்லையோ, கேட்டால்தானே தெரியும்.

முழுக் கட்டுரைக்குப் பிடிகயிறு டிஓஐ என்ற நிரந்தர எண். இணைய முகவரி மாறினாலும் இந்த எண் மாறாது. அன்பேவால் என்ற இலவசக் கருவி, அந்த எண்ணை வைத்துக்கொண்டு சட்டப்படி இலவசமாக எங்கேயாவது பிரதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். கிடைக்காவிட்டால் கட்டுரை ஆசிரியரின் மின்னஞ்சல் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். எந்தக் கட்டுரை, எதற்காக வேண்டும் என்று நாலு வரி எழுதினால் அனுப்பிவைக்கிறவர்கள் உண்டு.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் கட்டுரைப் பெயர், ஆசிரியர், ஆண்டு எல்லாம் கச்சிதமாகத் தரும். அதில் சில உலகத்திலேயே இல்லாத கட்டுரைகளாக இருக்கும். மாற்றுப்பெயர் யோசிக்க அதைப் பயன்படுத்தலாம். அது தந்த ஒவ்வொரு கட்டுரையின் டிஓஐயையும் திறந்து பார்க்காமல் ஏட்டில் எழுதக் கூடாது.

பதிவிறக்கும் முன் சுருக்கத்தில் பார்ப்பது

கரண்ட் வந்து போகிற ஊரில் முப்பது கட்டுரையை இறக்கிக்கொண்டிருக்க முடியாது. சுருக்கத்திலேயே இரண்டு எண்ணைத் தேடுங்கள். ஒன்று கண்டறியும் எல்லை: வெற்று மாதிரியிலிருந்து பிரித்துச் சொல்ல முடிகிற மிகக் குறைந்த அளவு. மற்றது மீட்பு விகிதம்: சாயமில்லாத பண்டத்தில் தெரிந்த அளவு சாயத்தைக் கலந்துவிட்டு அளந்தால் நூற்றுக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பது. இலையிலோ தேயிலையிலோ மீட்பு பார்த்த கட்டுரை கிடைத்தால் அதை முதலில் இறக்குங்கள். தண்ணீரில் மட்டும் பார்த்திருந்தால் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மிக்லர்ஸ் கீட்டோன் என்ற பெயர் கண்ணில் பட்டால் தாண்டிப் போகாதீர்கள். ஆரமின் சுடுநீரில் சிதைந்தால் உண்டாவது அது. லப்பெட் மாதிரியைக் கொதிக்கவைத்துக் கரைக்கச் சொல்லும் முறையாக இருந்தால், அளக்க வேண்டிய சாயத்தில் ஒரு பகுதி பாத்திரத்திலேயே வேறு பொருளாகிவிடும். அதன் சிஏஎஸ் எண் 90-94-8. முதல் அடைப்புக்குறிக்குள் அதையும் ஒரு 'ஆர்' போட்டுச் சேர்த்து இன்னொரு தடவை தேடிப் பாருங்கள்.